வசுந்தராவை மூன்று தடவை கூப்பிட வேண்டும்

மதுரையில் மஹாலுக்குப் பின்னால் என் சிநேகிதன் கிரிதரன் குடியிருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவன் பெண்டாட்டி, மாடிவீட்டு வசுந்தராவைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். கீரை விற்கிற தங்கப்பொண்ணு மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் கூடையை இறக்குவாள். கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் அப்படித்தான். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று எழுதி பதிவுத் தபாலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாவுக்குக் காது மந்தம் என்று எதிர்வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

காது மந்தமெல்லாம் இல்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் நிற்கும் ஸ்கூட்டர் யாருடையது என்று சொல்லிவிடுகிற காது அது. முதல் தடவை கூப்பிடுவதும் கேட்கும், இரண்டாவதும் கேட்கும். கையிலிருக்கும் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள். மூன்றாவது குரல் வந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். எட்டு வருஷமாக இப்படி. அதற்கு முன்னால் அவள் அப்படி இல்லை.

வசுந்தரா எனக்குத் தங்கை முறை. ரத்த சம்பந்தம் கிடையாது. நானாக வைத்துக்கொண்ட முறை. நான் பேரையூர்ப் பக்கத்துக்காரன், பெயர் தமிழ்மாறன். ஊரான் பருத்திக்காட்டில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, பரீட்சை எழுதி, மதுரையில் ஒரு அரசாங்க ஆபீஸில் வந்து உட்கார்ந்தவன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். பேய், பிசாசு, சகுனம், ராகுகாலம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குமாசி வீதியில் கிரிதரனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு நாள் அங்கே போய், நீ போட்டுக் கொடுத்த பவர் சரியில்லை என்று சத்தம் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றி என் முன்னால் வைத்தான். பவர் சரியாகத்தான் இருந்தது, நான்தான் கண்ணாடியைத் தலைகீழாக மடித்து மடித்துக் காதுப்பிடியைக் கோணலாக்கியிருந்தேன். அன்றிலிருந்து அவன் எனக்கு மாப்ள, நான் அவனுக்கு மாப்ள.

அவர்கள் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்களுடைய பாஷைதான். ஆனால் வெளியாள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கிரி வாயிலிருந்து அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை வராது. விருந்தாளிக்குப் புரியாததைப் பேசுவது அவன் இலையில் மண்ணைப் போடுகிற மாதிரி என்று அவனுடைய அப்பா சொல்லி வளர்த்திருக்கிறார். நான் உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டியிடம் உப்புக் கேட்பதுகூடத் தமிழில்தான் கேட்பான். அவசரத்தில், கோபத்தில்கூட அது மாறி நான் பார்த்ததில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில் எல்லாம் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று என்னைத் துருவித் துருவிக் கேட்ட காலம் அது. அந்த வீட்டில்தான் என்னை அடுப்படி வரைக்கும் கூப்பிட்டு உட்கார வைத்து, போதும் போதும் என்றாலும் கேட்காமல் வசுந்தரா புளியோதரை வைத்தாள். அதை நான் மறக்கமாட்டேன்.

கிரிக்கு மலைப் பைத்தியமும் சரித்திரப் பைத்தியமும் சேர்ந்தே பிடித்திருந்தன. வருஷா வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலமேட்டுக்குப் போவான். கடைக்கு வருகிற வாடிக்கைக்காரர்கள், தெருக்காரர்கள், அவர்களுடைய சித்தப்பா பிள்ளைகள் என்று யார் யாரோ வருவார்கள். வேன் பிடிப்பது என் பொறுப்பு. டிரைவர் மொக்கையன் என் ஊர்ப்பக்கத்து ஆள், நான் சொன்னால் மறுக்கமாட்டான். விடியற்காலையில் கிளம்பி, பரவையில் காய்கறி லாரிகளுக்கு நடுவில் சிக்கி, மொக்கையன் எல்லோரையும் வைது முடித்து, வத்தலக்குண்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு மலையேறுவோம்.

ஏலமேடு பெரிய ஊர் இல்லை. கூட்டம் கூட்டமாக எல்லோரும் போகிற மலை ரோட்டிலிருந்து பிரிந்து ஒடுங்கிப் போகும் ஒரு கிளை ரோடு போய் முடிகிற இடம். ஒரு பஸ் திரும்புகிற அளவுக்கு மைதானம், காப்பிக்கொட்டை வாங்குகிற கடைகள், ஒரு மாதா கோயில். ஊருக்குக் கீழே எந்தக் காலத்திலோ ஒரு துரை கட்டி, கூரை இல்லாமல் நிற்கிற பங்களா. அதிலிருந்து மலை விளிம்பை ஒட்டியே மேலே போகிற பழைய குதிரைப் பாதை. அந்தப் பாதையில் ஏறினால் புல்மேட்டில் கல்வீடுகள் இருக்கும். பலகைப் பலகையான கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி மேலே ஒன்றை மூடியிருப்பார்கள். முன்பக்கம் ஒரு ஆள் தவழ்ந்து நுழைகிற அளவுக்கு வாசல். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் செத்தவர்களுக்காகக் கட்டியது என்று கிரி விளக்குவான். ஊர்க்காரர்கள் அதைக் குள்ளர் வீடு என்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, ஆட்டுப் புழுக்கை தவிர.

முதல் தடவை போனபோது எங்களோடு ஒரு வங்கிக்காரர் வந்திருந்தார். புதுக் கேமரா வாங்கியிருந்தார். மலை முழுக்க ஒவ்வொருவர் பெயரையும் தொண்டை கிழியக் கத்தி, இங்கே வா, அங்கே நில் என்று உயிரை எடுத்தார். ஒரு பறவைச் சத்தம் கேட்க விடவில்லை. நான் அவரோடு சண்டைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தேன். அப்போது கிரி முகத்தை ரொம்ப சாதுவாக வைத்துக்கொண்டு சொன்னான். இந்த மேட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது சார். கூப்பிட்டால் குள்ளர்கள் பெயரைக் கற்றுக்கொள்வார்கள். அப்புறம் அவர்களே கூப்பிடுவார்கள், நமக்குத் தெரிந்தவர்களுடைய குரலில். ஆனால் இரண்டு தடவைதான் அவர்களால் கூப்பிட முடியும். அதனால் இங்கே யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

வங்கிக்காரர் வாயை மூடினார். வேனுக்குத் திரும்பும்வரை திறக்கவில்லை. அன்று கிரியின் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கே படித்தாய் என்று கேட்டேன். "எங்கயும் படிக்கல மாப்ள, இப்பத்தான் கட்டுனேன்" என்று என் காதில் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷமும் அந்தக் கதையைச் சொன்னான். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு வருஷமும் அதில் கொஞ்சம் சதை வைத்தது. பிறகு ஒரு தடவை நாங்கள் மேலே ஏறும்போது, எங்களுக்கு எப்போதும் வழிகாட்ட வருகிற ஏலமேட்டுக்காரர் சின்னான், புதிதாக வந்தவர்களை நிறுத்தி வைத்து, இங்கே மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். நான் கிரியைக் கிள்ளினேன். இது யார் சொன்னது என்று சின்னானிடம் கேட்டேன். எங்கள் பாட்டன் சொன்னது, பாட்டனுக்கு அவருடைய பாட்டன் சொன்னது என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. எனக்குச் சிரிப்பு வந்தது. கிரி சிரிக்கவில்லை.

வசுந்தராவுக்கு இந்தக் கதை வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமியார் படுத்த படுக்கை. மீனாட்சி கோயிலைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. புருஷன் மலையிலிருந்து வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள். ஒரு தடவையாவது அந்தக் கல்வீட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். கதை கட்டுக்கதை என்று அவளிடம் மட்டும் சொல்லாதே என்று கிரி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அதைக் கேட்கும்போது முகம் எப்படி ஆகிறது பார், அதைக் கெடுக்காதே என்றான். எனக்கென்ன, நான் சொல்லவில்லை.

மாமியார் காலமான மறுவருஷம், தொண்ணூற்றெட்டில், வசுந்தரா எங்களோடு வந்தாள். அவளுக்காக முன் சீட். மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் கைதட்டாத குறை. கல்வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பலகைக்கல்லை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கிரி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அப்படி சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாடு கீழே பங்களாவில். எல்லோரும் குதிரைப் பாதையில் வரிசையாக இறங்க ஆரம்பித்தோம். அப்போதுதான் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறியது. ஏலமேட்டு மூட்டம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்றைக்கு வந்தது, முன்னால் போகிறவன் முதுகை மறைத்துவிட்டது. சின்னான் முன்னால் போனார், அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டே இறங்கிச் சேர்ந்தோம். பொட்டலத்தைப் பிரித்து இலையை விரித்தபோது வசுந்தரா இல்லை. பின்னால் வந்த பெண்களோடு வருகிறாள் என்று கிரி நினைத்திருக்கிறான். முன்னால் புருஷனோடு போய்விட்டாள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான், அவளே பிறகு சொன்னாள். மூட்டத்தில் அவள் கண்ணாடி முழுக்க நீர் கோத்துக்கொண்டது. கிரி கடையிலேயே செய்து கொடுத்த கண்ணாடி. நின்று முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால் ஒருவரும் இல்லை, பாதையும் இல்லை. கல்வீட்டுப் பக்கம் மட்டும் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. அங்கே போய்விட்டாள்.

கிரி, நான், சின்னான் மூவரும் மேலே ஓடினோம். பாதி வழியில் என் காதில் ஒரு குரல் விழுந்தது. பெண்குரல். மேலேயிருந்துதான் வந்தது, ஒரே ஒரு வார்த்தை, குட்டையான வார்த்தை. என்ன வார்த்தை என்று புரியவில்லை. நின்று கைகாட்டினேன். கிரி மூச்சிரைத்துக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்கவில்லை. சின்னான், அது குருவியாக இருக்கும் என்றார். குருவியோ என்னவோ, அந்தத் திசைக்கே போவோம் என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

மேட்டுக்கு ஏறியதும் சின்னான் எங்கள் இருவர் கையையும் பிடித்து நிறுத்தினார். இதற்கு மேல் கண்டபடி ஓடக் கூடாது, ஒரு பக்கம் பள்ளம் இருக்கிறது, அந்த அம்மாவும் நகரக் கூடாது, முதலில் எங்கே இருக்கிறார்கள் என்று குரல் வாங்குங்கள் என்றார்.

கிரி வாயைக் குவித்துக் கத்தினான். "வசுந்தரா, எங்க இருக்க?"

ஒன்றும் இல்லை. புல்லில் சொட்டுகிற சத்தம்தான்.

"வசுந்தரா, குரல் குடு!"

அதற்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். கிரி மறுபடி கூப்பிடுவான் என்று பார்த்தேன், கூப்பிடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மூட்டத்தைப் பார்த்து நிற்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். கூப்பிடுடா, ஏன் நிறுத்தினாய் என்று கத்தினேன்.

அவன் திரும்பினான். மூக்குக்கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது, உள்ளேயும் வழிந்தது. "அவ மூணாவதுக்குத்தான் பதில் சொல்லுவா மாப்ள" என்றான். "மூணாவதுக்கும் சொல்லலன்னா நான் என்ன செய்வேன்?"

அது நீ கட்டின கதைடா என்று சொல்ல வாயெடுத்தேன். சின்னான் பக்கத்தில் நின்றார், விழுங்கிக்கொண்டேன். தான் அவிழ்த்துவிட்ட பொய்யின் முன்னால் அவன் கைகட்டி நின்றான். மூன்றாவதாகக் கூப்பிடாத வரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். கூப்பிட்டுவிட்டால் தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தான். அவன் அப்படி எவ்வளவு நேரம் நின்றான் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நீளமாகத்தான் இருந்தது.

கடைசியில் கூப்பிட்டான். இந்தத் தடவை கத்தவில்லை. வீட்டில் கூடத்திலிருந்து அடுப்படிக்குக் கூப்பிடுகிற மாதிரி, "வசுந்தரா" என்று மட்டும் சொன்னான்.

"இங்க இருக்கேன்" என்று பதில் வந்தது. கைக்கெட்டும் தூரம் என்றே சொல்லலாம். கல்வீட்டுப் பலகையில் முதுகைச் சாய்த்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிரி அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள்மேல் போட்டான். அழுதுகொண்டே சிரித்தான். நானும்தான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சின்னான் முன்னால் தடி தட்டிக்கொண்டு போக, நாங்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். வசுந்தரா நடுவில். கொஞ்ச தூரம் வந்த பிறகு கிரியிடம் கேட்டாள். "அந்தப் பக்கம் ஏன் போனீங்க?"

எந்தப் பக்கம் என்று கிரி கேட்டான்.

"கல்வீட்டுக்கு அந்தாண்ட. அங்கேருந்து ரெண்டு தடவை கூப்பிட்டீங்களே, பாதை இங்கதான் இருக்கு வான்னு. அண்ணன் கூட இருக்கும்போது நம்ம பாஷையில கூப்பிட்டீங்க, எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. மூணாவது வரல. நான் பதில் சொல்லாம உக்காந்துட்டேன்."

கிரி நடப்பதை நிறுத்தினான். பின்னால் வந்த நான் அவன்மேல் இடித்துக்கொண்டேன். சின்னான் திரும்பிப் பார்க்கவே இல்லை. தடி தட்டுகிற சத்தம் மட்டும் வேகமானது. எங்கள் மூன்று பேரில் யாரும் கல்வீட்டைத் தாண்டிப் போகவில்லை. கிரி கூப்பிட்டது எல்லாம் தமிழில். நான் பக்கத்தில் நின்றேன், அவனால் வேறு பாஷையில் கூப்பிட முடியாது.

அன்று ராத்திரி ஏலமேட்டிலேயே தங்கினோம், மறுநாள் காலை வெயில் அடித்தது. நானும் கிரியும் மட்டும் மேலே போய்ப் பார்த்தோம். வசுந்தரா உட்கார்ந்திருந்த கல்வீட்டுக்கு அந்தாண்டை கொஞ்சம் புல் இருந்தது. புல்லுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே, ரொம்பக் கீழே, மரங்கள் பாசி மாதிரித் தெரிந்தன. கிரி அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் சும்மா இருப்பேனா. எதிரொலி என்றேன். நீ கூப்பிட்டது பள்ளத்தில் மோதித் திரும்பியிருக்கிறது, அவள் பயத்தில் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான் என்றேன். "எதிரொலி பாஷைய மாத்துமா மாப்ள?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். படித்தவன் மாதிரிப் பேசு என்று வைதேன். அவன், நான் பொய்தான் சொன்னேன், அது எப்படி நிஜமாச்சு, யார்கிட்டப் போய்க் கேட்பேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அந்தப் பொய்தான் அவளைக் காப்பாற்றியது என்றும் சொன்னான். இரண்டும் சரிதான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடு மலைப் பயணம் நின்றது. கிரி கதை சொல்வதையும் விட்டுவிட்டான். கடைக்கு வருகிறவர்களிடம் பவர் எவ்வளவு, பிரேம் எது என்பதற்கு மேல் பேச்சு இல்லை. வசுந்தரா மதுரை வந்த பிறகும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் சொன்னாள். முதலில் கிரி பழகிக்கொண்டான், பிறகு பெண் வித்யாஸ்ரீ பழகிக்கொண்டாள், பிறகு தெருவே பழகிக்கொண்டது. கல்லூரிக்குப் போகிற பெண் ஒரு நாள் எரிச்சலில், ஒரு தடவை கூப்பிட்டால் வரக் கூடாதா என்று சத்தம் போட்டிருக்கிறாள். வசுந்தரா சிரித்து மழுப்பிவிட்டாளாம்.

இரண்டாயிரத்து ஆறில் கிரி திடீரென்று பழையபடி ஆகத் தொடங்கினான். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகப் போகிறது, எங்கேயாவது போக வேண்டும் என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். எட்டு வருஷமாக இரண்டு பேரும் பயந்தது போதும், அந்த மேட்டுக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தால் அவளுக்குத் தெளிந்துவிடும், டாக்டர்கூட அப்படித்தான் சொன்னார் என்றான். மொக்கையனிடம் வேன் சொல்லி வை என்றான். ஆனால் அவள் ஏலமேடு என்றாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள், நீ சொன்னால் கேட்பாள், நீ பேசு என்று என்னை அனுப்பினான். கதை கட்டுக்கதை என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சொல்லு என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். கிரி வேண்டுமென்றே கடைக்குப் போய்விட்டான். கீழே நின்று மூன்று தடவை கூப்பிட்டு மேலே ஏறினேன். காபி கொடுத்தாள். எழுத்துக்கு மட்டும் போடுகிற கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. குள்ளரும் இல்லை, மூன்றாவது குரலும் இல்லை, ஒரு வங்கிக்காரர் வாயை அடைக்க உன் புருஷன் அந்த மேட்டில் உட்கார்ந்து கட்டிய கதை, நான் பக்கத்திலேயே இருந்தேன், சின்னானே அதை இவனிடமிருந்துதான் கற்றுக்கொண்டார் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முகம் தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெளியவில்லை. காபி டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள். "அன்னைக்கு நான் பதில் சொல்லலன்னு சொன்னது பொய்ண்ணே. மொதத் தடவையே சொல்லிட்டேன்."

அவள் குனிந்துகொண்டே பேசினாள். மூட்டத்தில் தனியாக நின்ற பயத்தில், புருஷன் குரல் சொந்த பாஷையில் கேட்டதும் யோசிக்காமல் வாய் திறந்துவிட்டது. அதன் பிறகு இரண்டாவது தடவை கேட்டிருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் கேட்டது. அப்போதுதான் கதை ஞாபகம் வந்து காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொன்னால் கிரி தூங்கமாட்டான் என்று யாரிடமும் சொல்லவில்லை.

என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வாரேன்னு சொன்னேண்ணே."

எங்கள் வீட்டிலும் சரி, அவர்கள் வீட்டிலும் சரி, கூப்பிட்டால் வேறென்ன சொல்வார்கள். அந்த வார்த்தையை அவர்களுடைய பாஷையில் எப்படிச் சொல்வாள் என்று கேட்டேன். சொன்னாள். குட்டையான வார்த்தை. பாதி வழியில் குதிரைப் பாதையில் நின்று நான் கேட்டது அதேதான். எட்டு வருஷமாகக் குருவி என்று வைத்திருந்தேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அதுதான் கதையே பொய் என்று ஆகிவிட்டதே, இனி என்ன பயம், இங்கே மதுரையில் எதற்கு இந்த மூன்றாவது குரல் என்றேன்.

"இங்கயும் சில நாள் மூணாவது வராதுண்ணே" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், தண்ணீர் வராத நாளைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கதை இருந்தவரைக்கும் ஒரு தைரியம் இருந்துச்சு. குள்ளருதான், ரெண்டு தடவைக்கு மேல முடியாதுன்னு. இப்ப அதுவும் பொய்ங்கறீங்க. அப்ப நான் வாரேன்னு சொன்னது யாருக்குண்ணே?"

அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை. மொக்கையனிடம் வேன் கிடைக்காது என்று கிரியிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். இந்த வருஷம் மட்டுமில்லை, எந்த வருஷமும் கிடைக்காது என்றேன். அவள் தலையாட்டினாள். எனக்குத் தெரிந்து எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கண் கலங்கியது.

எழுந்தேன். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது போறேன் என்று சொல்லக் கூடாது. வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படித்தான் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியில் இறங்கினேன்.

கடைசிப் படியில் கால் வைத்தபோது மேலேயிருந்து "அண்ணே" என்று குரல் வந்தது. வசுந்தரா குரல்தான். கண்ணாடியை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன், அது எனக்கே தெரியும். அதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்பதும் தெரியும். பட்டப்பகல், தெருவில் தங்கப்பொண்ணு கீரைக்கட்டை உதறிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே" என்று இரண்டாவது தடவையும் வந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்காக நின்றுகொண்டிருந்தேன்.